மருந்து கிடைக்காத கண்டுகள்

1

நேற்று எங்கள் ஆய்வுக்குப் பொறுப்பான ஹெலன் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஆய்வு முடிந்துவிட்டது, முடிவு தெளிவாக இருக்கிறது, இந்தப் பால் கம்பனியின் பண்ணைகளில் அடுத்த பருவத்திலிருந்து கொம்பு சுடப்படும் ஒவ்வொரு மாட்டுக் கண்டுக்கும் இரண்டாவதாக ஒரு நோவு மருந்தும் போடப்படும், உழைத்த எல்லோருக்கும் நன்றி என்று. யாரோ கேக் வாங்கி வந்து தேநீர் அறையில் வைத்திருந்தார்கள். நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிட்டேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். எனக்குச் சந்தோசம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. ஆகவே தமிழில் வாசிக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் இலங்கையில் சாய்ந்தமருதுக்காரி. சுனாமியில் கடல் வந்துபோன மூன்றாம் வருடம் கணவரோடு நியூசிலாந்துக்கு வந்தேன். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இன்றும் என் தம்பியிடம் கேட்பார்களாம்: "உங்கட ராத்தா அங்கயும் மாட்டு டொக்டர்தானே?" அவன் ஓம் என்று சொல்லிவிடுவான். உண்மை அதுவல்ல. நான் படித்த பட்டம் இங்கே செல்லாது என்றார்கள். பரீட்சை எழுதினால் பதியலாம் என்றார்கள். முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவை மகளுக்கு அம்மை போட்டிருந்தது, பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மூன்றாம் தடவை எழுதவில்லை. இப்போது ஓர் ஆய்வுப் பண்ணையில் உதவியாளராக இருக்கிறேன்.

என் பெயரும் இங்கே நான் கொண்டுவந்த மாதிரி இல்லை. எங்கள் வழக்கப்படி வாப்பாவின் பெயர் முன்னுக்கு: ஆதம்பாவா ஜெஸீமா. குடிவரவுக் காரியாலயத்தில் முன்னுக்கு இருந்ததை என் பெயர் என்றும் பின்னுக்கு இருந்ததைக் குடும்பப் பெயர் என்றும் பதிந்தார்கள். திருத்த இரண்டு முறை போனேன். சத்தியக் கடதாசி, அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் சான்று என்று கேட்டுக்கொண்டே போனார்கள். விட்டுவிட்டேன். ஆகவே கொட்டகையில் எல்லோரும் என்னை "ஆதம்" என்றுதான் கூப்பிடுவார்கள். மௌத்தாகிப் போன என் வாப்பாவை நாள் முழுக்க யாராவது கூப்பிட்டுக்கொண்டிருக்க, நான் ஓம் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

2

என் வேலை கண்டுகளின் நோவை அளப்பது.

பால் மாட்டுக் கண்டு பிறந்து சில கிழமைகளில் தலையின் இரண்டு பக்கமும் கொம்பு மொட்டு மாதிரித் தட்டுப்படும். வளரவிட்டால் மாடுகள் ஒன்றையொன்று குத்தும், ஆட்களையும் குத்தும். ஆகவே மொட்டாக இருக்கும்போதே பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துக் கருக்கிவிடுவார்கள். அந்த இடத்தை மரக்கவைக்கும் விறைப்பூசி போடாமல் சுடக்கூடாது என்பது இந்த நாட்டின் சட்டம். அதனால் சுடும்போது கண்டு பெரிதாகத் துள்ளாது. ஆனால் விறைப்பு சில மணித்தியாலத்தில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? அந்தப் 'பிறகை'த்தான் நாங்கள் அளந்தோம்.

கண்டுகளில் பாதிக்கு, நோவையும் வீக்கத்தையும் குறைத்து அடுத்த நாளையும் தாண்டி வேலை செய்யும் ஒரு மருந்து. மறுபாதிக்கு உப்புத்தண்ணீர். எந்தக் கண்டுக்கு எது என்று பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் ஒருபக்கம் சாய்ந்துவிடும். ஊசிகளில் நிறப்பட்டி மட்டும் ஒட்டியிருக்கும். நான் கூட்டுக்கு வெளியே ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து எண்ணுவேன். காதை எத்தனை முறை உதறுகிறது, தலையை எத்தனை முறை சிலுப்புகிறது, கம்பியில் எத்தனை முறை தேய்க்கிறது. பிறகு உள்ளே போய், பேனா மாதிரியான ஒரு கருவியின் ரப்பர் முனையைச் சுட்ட இடத்தின் ஓரத்தில் வைத்து மெல்ல மெல்ல அழுத்துவேன். கண்டு தலையை இழுக்கும் கணத்தில் கருவி ஓர் எண்ணைக் காட்டும். நோவை அளக்க நோவிக்க வேண்டும். இந்த வேலையில் சேர்ந்த முதல் நாளே இது எனக்குப் புரிந்தது. பழகியும் போனது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு புள்ளி வரும். புள்ளி ஓர் எல்லையைத் தாண்டினால் அந்தக் கண்டுக்கு உடனே மருந்து போட்டு, ஆய்விலிருந்து எடுத்துவிட வேண்டும். விலங்குகளுக்கான நெறிக் குழு அந்த நிபந்தனையில்தான் அனுமதி கொடுத்தது. கொடுமைக்காரர்கள் யாரும் இங்கே இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும்.

தொடக்கத்தில் ஹெலனிடம் ஒரு கண்டைப் பற்றிச் சொல்லும்போது, எங்கள் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுவிட்டேன். அவர் சிரிக்காமல் திருத்தினார். அவர்களுடைய மொழியில் கண்டு நோவுக்குள் இருக்கிறது. எங்கள் மொழியில் அதற்கு நோகிறது. அவர்களுடையது ஓர் அறை மாதிரி, கதவு திறந்தால் வெளியே வரலாம். எங்களுடையதில் கதவு எங்கே என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அதே நேரம் எங்களிடம் எத்தனை சொல் இருக்கிறது என்றும் அப்போதுதான் கவனித்தேன். எரிவு, கடுப்பு, குத்து, உளைவு. சுட்ட அன்று கண்டுக்கு எரிவு. அடுத்த நாள் வருவது உளைவு. என் தாளில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான்.

எண்ணுக்கும் எனக்கும் முன்பே ஒருமுறை பிசகியிருக்கிறது. மகள் ஹனாவைப் பெற இங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தாதி வந்து கேட்டாள்: "பூச்சியத்திலிருந்து பத்து வரை, இப்போது நோவு எத்தனை?" பத்து என்றால் மௌத்தாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நான்தான் உயிரோடு இருக்கிறேனே. கூச்சமாகவும் இருந்தது. மூன்று என்றேன். அவள் சந்தோசமாகக் குறித்துக்கொண்டு போனாள், வெகுநேரம் இந்தப் பக்கம் வரவே இல்லை.

3

என் தம்பி நௌபர் சாகாமத்தில் வயல் செய்கிறான். குளத்துக்கு அப்பால் வாப்பா விட்டுப்போன மாட்டுப்பட்டியும் அவனிடம்தான். போன ஓகஸ்டில், ஆய்வு நடந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல் எடுத்தான்.

"ராத்தா, இந்தக் கிழமை கண்டுகளுக்குக் குறி சுடப்போறம்."

குறி சுடுவது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மேயப்போன இடத்தில் பட்டிகள் கலந்துவிடும், களவும் போகும். ஆகவே சொந்தக்காரரின் எழுத்தைக் காய்ச்சிய கம்பியால் தொடையில் போடுவார்கள். எங்கள் மாடுகளில் வாப்பாவின் எழுத்து இருக்கிறது. நான் ஊரில் கால்நடைத் திணைக்களத்தில் வேலை செய்த காலத்தில் அந்தப் பட்டிகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருக்கிறேன். ஒரு பக்கம் நான் ஊசி போடுவேன், மறுபக்கம் அவர்கள் சுடுவார்கள். நான்கு பேர் அமத்திப் பிடித்திருக்கும் கண்டின் சத்தத்துக்கு மேலால்தான் கதைப்போம்.

"விறைப்பூசி ஒண்டு போட்டிட்டுச் சுடேலாதா?" என்றேன்.

அவன் சிரித்தான். "இஞ்ச மனிசருக்கே ஊசி இல்லாமக் கிடந்த. நீங்க கண்டுக்குக் கேக்கிறீங்க."

அவனே தொடர்ந்தான்.

"அது கிடக்கட்டும் ராத்தா. நீங்க அங்க கொம்பையல்லவா சுடுறீங்க? அல்லாஹ் குடுத்த கொம்ப என்னத்துக்குச் சுடுற? எங்கட மாடு கொம்போடதானே நிக்கிது, ஒரு பிரச்சினையும் இல்லியே."

"அது கொட்டகைக்குள்ள நெருக்கி வளக்கிற மாடு நௌபர்."

"அப்ப நெருக்காம வளக்கச் செல்லுங்க."

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் மனிதருக்கு ஊசி இல்லாமல் கிடந்தது என்று சொன்னது பகிடியில்லை. சில வருடங்களுக்கு முன், மருந்துத் தட்டுப்பாட்டுக் காலத்தில் கை ட்ரெக்டர் வரப்பில் சரிந்து அவனுடைய கால் முறிந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நோவு மருந்து சத்திரசிகிச்சை நோயாளருக்கே போதவில்லை. வெளியில் தேடி வாங்கி வரும்வரை அவன் அப்படியே கிடந்தான். நான் வீடியோவில் கோல் எடுத்தபோது சிரித்தான்.

"நோகுதாடா?"

"சாதுவா நோகுது ராத்தா. ஒண்டுமில்ல."

மேலுதட்டில் வேர்வை. கன்னம் இழுபட்டிருந்தது. மூச்சு மேல் நெஞ்சோடு நின்றது. அவன் கண்டாக இருந்திருந்தால் எல்லையைத் தாண்டிவிட்டது என்று எழுதி, மருந்து போடச் சொல்லியிருப்பேன். தம்பியாக இருந்தபடியால் "அல்லாஹ்ட காவல்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அன்று காலையில்தான் பாதி மிச்சமிருந்த மருந்துப் போத்தல்களை மஞ்சள் வாளியில் கொட்டியிருந்தேன். திறந்த போத்தலைக் குறிப்பிட்ட நாளுக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் எறிய வேண்டும். அது விதி. அந்த வாளியின் மூடி சாத்தும் சத்தம் பல நாள் என்னோடு இருந்தது. நௌபரிடம் இதுவரை நான் அதைச் சொல்லவில்லை.

4

ஹனாவுக்குப் பதினேழு வயது. சின்ன வயதில் அவளோடு தமிழில் மட்டும்தான் கதைத்தோம். ஒருமுறை செடி விற்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் "ரோசாக் கண்டு வாங்குவம்" என்றேன். அவள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உம்மா, இதுக்கும் கொம்பு வருமா?" என்று கேட்டாள். அப்போது சிரித்தேன். பள்ளிக்கூடம் போனதும் தமிழ் சமையலறையோடு நின்றுவிட்டது. பிறகு சமையலறைக்கும் அவள் வருவது குறைந்தது. இரண்டு வருடமாக இறைச்சி சாப்பிடுவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவள் பாணும் வெண்ணெயும் சாப்பிட்டாள், அவளுடைய வாப்பாவும் நானும் குனிந்த தலையோடு இறைச்சி சாப்பிட்டோம். என் வேலையை அவள் "உம்மாட டோச்சர் வேலை" என்பாள். பகிடி மாதிரிச் சொன்னாலும் முகத்தில் சிரிப்பு இருக்காது.

இப்போது கார் ஓடப் பழகுகிறாள். முழு அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதால், பின்னேரங்களில் அவளுடைய வாப்பா அவளைக் காரோடு பண்ணை வாசலில் விட்டுவிட்டு பஸ் ஓடப் போவார். அங்கிருந்து வீடு வரை அவள் ஓடுவாள், நான் பக்கத்தில். எங்கள் பேச்செல்லாம் அந்தப் பாதையில்தான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை என்பதால் இருக்கலாம்.

ஆய்வின் நடுப்பகுதியில் ஒரு கண்டு வந்தது. கறுப்பு, நெற்றியில் வெள்ளை. காதில் இலக்கம் நாற்பத்தொன்று. சுட்டதற்கு அடுத்த நாள் காலை நான் போனபோது மற்றக் கண்டுகள் பாலுக்கு முட்டிமோதின. இது மூலைக்குப் போய், நெற்றியைச் சுவரில் ஒட்டாத குறையாக வைத்துக்கொண்டு நின்றது. நான் எண்ணத் தொடங்கினேன். காது உதறவில்லை. தலை சிலுப்பவில்லை. எங்கும் தேய்க்கவில்லை. கருவியை வைத்து அழுத்தினேன், எவ்வளவு அழுத்தியும் இழுக்கவில்லை. தாளில் எல்லாக் கட்டத்திலும் பூச்சியம். அந்தத் தாளின்படி கொட்டகையிலேயே ஆகச் சுகமாக இருக்கும் கண்டு அதுதான்.

ஆனால் கண் பாதி மூடியிருந்தது. தாடை இறுகியிருந்தது. நான் எண்ணுவதை விட்டுவிட்டு முழங்காலிட்டுக் கையால் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. தொப்புள் காய்ந்திருந்தது. வயிறு, மூட்டு, நெஞ்சு எல்லாம் ஒழுங்கு. வேறு வருத்தம் ஏதும் இல்லை. நோவு கூடிப்போன சில உயிர்கள் அசைவதையே விட்டுவிடும். ஊரில் எத்தனை மாட்டில் பார்த்திருக்கிறேன்.

ஹெலனுக்குக் கோல் எடுத்தேன். முடிவு அவருடையது.

"எண் என்ன, ஆதம்?"

"பூச்சியம்."

"அப்படியென்றால் என்ன பிரச்சினை?"

"எண்தான் பூச்சியம். கண்டு பூச்சியமில்லை."

சப்பாத்துக்கூட மாற்றாமல் வந்தார். கூட்டுக்கு வெளியே குந்தியிருந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "எல்லை தாண்டவில்லை. நான் எந்தக் காரணத்தை எழுதி இதை எடுப்பது?"

"ஒரு மிருக வைத்தியர் பார்த்துச் சொன்னார் என்று எழுதுங்கள்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் அந்தச் சொல்லை என்னைப் பற்றி நான் சொன்னதேயில்லை. ஹெலன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கள் கையெழுத்து செல்லாது, ஆதம்."

"உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். பார்த்த கண் என்னுடையது."

அவர் எழுந்து காரியாலயத்துக்குப் போனார். மருந்தோடு வந்து தானே ஊசியைப் போட்டார். பகலுக்குப் பிறகு அந்தக் கண்டு மூலையை விட்டுத் திரும்பியது. முதன்முறையாகக் காதை உதறியது. எங்கள் கணக்கில் அது நோவின் அடையாளம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. பின்னேரம் பால் முழுவதையும் குடித்தது.

அன்று காரில் ஹனாவிடம் சொன்னேன். அவள் பாதையோரமாகக் காரை நிற்பாட்டினாள்.

"உம்மா, நீங்க ரூல உடைச்சீங்களா?"

"உடைக்கல்ல மகள். கொஞ்சம் வளைச்ச."

அவள் பெல்ட்டைக் கழற்றிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். எத்தனை காலத்துக்குப் பிறகு. "நான் உங்கள பெருமையா இரிக்கன்," என்றாள். பிழையான தமிழ். நான் திருத்தவில்லை.

5

அடுத்த கிழமை ஹெலன் என்னைத் தேநீர் அறையில் பிடித்தார்.

"ஒன்றை எடுத்தால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உங்களுக்குத் தெரியும்தானே. பிந்திப் பிறந்த ஒரு கண்டு இருக்கிறது. நாற்பத்தொன்றுக்குப் போட்ட அதே நிற ஊசி."

எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், யோசித்தால் விளங்கக்கூடிய விசயம்தான். ஆனால் நான் யோசிக்கவில்லை. அதே நிறம் என்றால் என்ன என்று எனக்கு விளங்கிவிட்டது. மருந்து பெற்ற கண்டு அப்படி மூலையில் போய் நிற்காது.

"இதை நான் பார்க்கவில்லை, ஹெலன். வேறு யாரையாவது போடுங்கள்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "இதுவரை எல்லாவற்றையும் எண்ணியது உங்கள் கண். நடுவில் கண்ணை மாற்றினால் எதையும் ஒப்பிட முடியாது. அடுத்த வருடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். எல்லாவற்றையும்."

எல்லாவற்றையும் என்றால் எல்லாக் கண்டுகளையும்.

புதுக்கண்டு சிவப்பு. வந்த அன்றே கூட்டுக் கம்பிக்குள்ளால் மூக்கை நீட்டி என் விரலைச் சூப்பியது. விறைப்பூசி போட்டுச் சுட்டார்கள். அதே நிறப்பட்டி ஒட்டிய ஊசி போட்டார்கள். அடுத்த நாள் காலை நான் வாங்கில் போய் இருந்தேன்.

இது நாற்பத்தொன்று மாதிரி அசையாமல் நிற்கவில்லை. காதை உதறியது, தலையைச் சிலுப்பியது, கம்பியில் தேய்க்கப் போய் நோகவும் திடுக்கிட்டுப் பின்வாங்கியது. படுத்தது, எழும்பியது, திரும்பப் படுத்தது. நான் குறித்துக்கொண்டே போனேன். கூட்டிப் பார்த்தால் புள்ளி எல்லைக்குக் கிட்டப் போய், தாண்டாமல் நின்றது. கருவியோடு உள்ளே போனபோது விரலைச் சூப்பலாம் என்று என்னிடம் ஓடி வந்தது. நான் அழுத்தினேன். தொட்டதுதான் தாமதம், தலையை இழுத்துக்கொண்டது. எண்ணை எழுதினேன். அடுத்த முறை போனபோதும் ஓடி வந்தது. அதற்கடுத்த முறை யோசித்து யோசித்து வந்தது. பின்னேரம் வரவில்லை, நான்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

ஹெலனைக் கூப்பிட்டிருக்கலாம். நான் சொன்னால் அவர் வந்திருப்பார், கையெழுத்தும் போட்டிருப்பார். அதற்குப் பிறகு இன்னொரு கண்டைக் கொண்டு வருவார்கள், அதே நிற ஊசியோடு. நான் எழும்பினால் அந்தக் கண்டு, இருந்தால் இந்தக் கண்டு. போன முறை இரங்கியபோது இது எனக்குத் தெரியாது. இப்போது தெரியும்.

நான் இருந்தேன். எண்ணி முடித்தேன்.

மறுமையில் கொம்புள்ள ஆடு முட்டியதற்காகக் கொம்பில்லாத ஆட்டுக்கு நியாயம் வாங்கிக் கொடுக்கப்படும் என்று சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் கேட்டிருக்கிறோம். கேட்ட அன்று எனக்கு அந்தக் கொம்பில்லாத ஆட்டை நினைத்து ஆறுதலாக இருந்தது. இந்தக் கண்டு அன்று யாரைக் கைகாட்டும்? அது பிறக்கும்போது கொம்பு இல்லாமல் பிறக்கவில்லை.

அன்று பின்னேரம் காரில் ஏறியதும் ஹனா கேட்டாள்: "ஃபோர்ட்டிவன் எப்பிடி இரிக்கி?"

"நல்லா இரிக்கி. பால் குடிக்கிது, பாயிது."

"யேய்," என்றாள். மிகக் கவனமாகச் சிக்னல் போட்டுப் பாதையில் ஏறினாள். நான் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அவள் நாற்பத்தொன்றைக் கேட்பாள், நான் நாற்பத்தொன்றைச் சொல்வேன். கூட்டாளிப் பிள்ளைகளிடமும் அந்தக் கதையைச் சொல்லியிருந்தாள். ஒருத்தி வீட்டுக்கு வந்தபோது, "நீங்கள்தான் கண்டைக் காப்பாற்றியவரா?" என்று என்னிடம் கேட்டாள். நான் அவளுக்குப் பழச்சாறு ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

6

நேற்று மின்னஞ்சலோடு நிறங்களின் விபரமும் வந்தது. திறக்காமலே எனக்குத் தெரியும். ஆனாலும் திறந்து பார்த்தேன். நாற்பத்தொன்று, உப்புத்தண்ணீர். அதற்குப் பதிலாக வந்தது, உப்புத்தண்ணீர். என் கண் பிழைக்கவில்லை. மற்ற உப்புத்தண்ணீர்க் கண்டுகளின் எண்களையும் பார்த்துக்கொண்டு போனேன். அவற்றையெல்லாம் எண்ணியதும் நான்தான். அவற்றில் ஒன்றுக்காகவேனும் நான் எழும்பவில்லை.

இனி இந்தக் கம்பனியில் ஒரு கண்டும் அடுத்த நாள் உளைவோடு நிற்காது. இவை பட்டதால்தான் அது. இரண்டும் உண்மை. ஒன்று மற்றதை அழிக்கும் என்று நினைத்திருந்தேன், அழிக்கவில்லை.

பின்னேரம் ஹனா வந்தாள். மிச்சக் கேக்கை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். "என்ன, பார்ட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டியரிங்குக்கு முன்னால் அமர்ந்தாள். கார் வெளிக்கிட முன்னமே நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிவப்புக் கண்டை, நிறப்பட்டியை, ஹெலன் சொன்னதை, நான் வாங்கில் இருந்ததை. ஓகஸ்ட் தொடக்கம் டிசம்பர் வரை சொல்லாமல் விட்டதையும்.

அவள் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"நீங்க அதுக்கிட்டயே இருந்தீங்களா?"

"ஓம். முழு நாளும்."

"கவுண்ட் பண்ணிக்கிட்டு?"

"ஓம் மகள். எண்ணிக்கிட்டு."

அவள் பெல்ட்டை மாட்டினாள். பிறகு, "எங்க இரிக்கி இப்ப?" என்றாள்.

ஆய்வு முடிந்த கண்டுகளைப் பண்ணையின் பின்பக்கம் புல்லில் விட்டிருக்கிறார்கள். அவள் காரைப் பின்னால் எடுத்துத் திருப்பி, அந்தப் பாதையில் ஓடினாள். வேலியோரத்தில் நிற்பாட்டி இறங்கினோம். இங்கே இப்போது கோடை, பின்னேரமும் வெயில் அடித்தது. கண்டுகள் நன்றாக வளர்ந்திருந்தன. தலைகளெல்லாம் வழுவழுவென்று, கொம்பு இருந்த இடமே தெரியாமல். எங்களைக் கண்டதும் பால் வாளி என்று நினைத்து மொத்தமாக ஓடி வந்தன. நாற்பத்தொன்று எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னுக்கு வந்து, என் சட்டையின் நுனியைக் கடித்து இழுத்தது.

சிவப்புக் கண்டு கடைசியாக வந்தது. வேலிக்குக் கிட்ட வந்து, என்னைக் கண்டதும் நின்றது.

"வா," என்று கையை நீட்டினேன்.

தலையை இழுத்துக்கொண்டது. இரண்டு அடி பின்னுக்குப் போய் நின்று பார்த்தது. நான் கையை எடுக்கவில்லை, அதுவும் வரவில்லை. காயம் ஆறி எவ்வளவோ நாளாகிவிட்டது, அங்கே தொட்டாலும் நோகாது. அது எனக்குத் தெரியும். அதற்கு என் கை மட்டும்தான் தெரியும்.

ஹனா என் பக்கத்தில் வந்து வேலிக்குள்ளால் கையை விட்டாள். நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்பினாள். கண்டு அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி அவளைப் பார்த்தது.

"உம்மா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நோயாளியின் கட்டிலருகே கதைக்கிற மாதிரி மெதுவாகத்தான் சொன்னாள். "நீங்க கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்க."

நான் பின்னுக்குப் போய்க் காருக்குக் கிட்ட நின்றேன். கண்டு அவளிடம் வந்தது.